ஈரச் சுவரில் பூப்போட்ட தாள் ஒட்டும் தீபாவளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த வீட்டு அலங்காரப் பக்கத்தைப் படித்தேன். வரவேற்பறையின் ஒரு சுவருக்குப் பூப்போட்ட சுவர்த்தாள், மற்ற மூன்று சுவர்களுக்கும் அதற்கு இசைந்த சாயம், சன்னலுக்கு அதே நிறத்தில் திரைச்சீலை என்று படங்களோடு பக்கம் அழகாகவே இருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்று பெண்கள் என் தையல் கடைக்கு வந்துவிட்டார்கள். மூவருக்கும் அந்தப் பத்து நாளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவர்களிடம் சொன்னதையே சற்று விரித்துத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரைச்சீலையும் நாற்காலி உறையும் தைத்து வருகிறவள். என் கணவர் உடல் இடம் கொடுத்தவரை வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர். ஆகவே இவ்வட்டாரத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், உள்ள வீடுகளின் சன்னல்களை நான் அளந்திருக்கிறேன், சுவர்களை அவர் சுரண்டியிருக்கிறார். இருவரும் இரவுச் சாப்பாட்டின்போது பேசிப் பேசிக் கண்ட முடிவு ஒன்று உண்டு. நம் ஊர் வீடுகளுக்கு, சுவரில் ஒட்டும் அலங்காரத்தைவிடச் சன்னலில் தொங்கும் அலங்காரமே ஏற்றது. சுவருக்கு வேண்டியது ஈரம் காய்வதும் அதன்மேல் நல்ல சாயமும்தான். பூவும் கொடியும் துணியில் இருக்கட்டும்.

முதலில் காலத்தைச் சொல்கிறேன். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் ஏதோ ஒரு நாளில் வருகிறது. பேராக்கின் உட்பகுதியில் இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு, இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த வாரங்கள்தாம் ஆண்டிலேயே மழை மிகுந்த காலம். பிற்பகல் மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வரும் வானம், இரவு வரை இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். துவைத்த துணியே இரண்டு நாள் காயாத அந்தக் காலத்தைத்தான் நாம் சுவருக்குச் சாயம் அடிப்பதற்கென்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். பண்டிகைக்கு வீடு புதிதாக வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசைதான் என் அடுப்பையும் எரிய வைத்தது. ஆனால் நீர்ச்சாயம் என்பது அதிலுள்ள நீர் காற்றில் ஆவியாகிப் போனால்தான் சுவரில் ஒட்டிப் படலமாக இறுகும். காற்றே நீரைச் சுமந்துகொண்டு நிற்கும்போது அது எங்கே போகும்? டப்பாவின்மேல் அடுத்த பூச்சுக்கு இரண்டு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பது நல்ல உலர்ந்த நாளுக்குரிய கணக்கு. மழை நாளில் அதை நம்பி இரண்டாம் பூச்சை ஏற்றினால், சில நாள் கழித்துச் சுவரில் கண்ணீர் வழிந்ததுபோல் பழுப்புக் கோடுகள் இறங்கும். சாயத்தில் கலந்திருக்கும் சோப்புப் போன்ற பொருள்கள் ஈரத்தோடு வெளியே கசிந்து வருவதால் ஏற்படும் கோடுகள் அவை. கடைக்காரர் கெட்டுப்போன சாயத்தை விற்றுவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை என் கணவர் பலமுறை சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். எங்கள் பக்கத்துத் தாமான்களில் பல, தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய மலிவு விலை வீடுகள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த எங்களுக்கு அவை மாளிகையாகத்தான் தெரிந்தன. வாங்கிய பிறகு பின்கட்டை நீட்டிச் சமையலறை கட்டாதவர்கள் குறைவு. நீங்கள் நீட்டினீர்கள், பக்கத்து வீட்டுக்காரரும் நீட்டினார்; பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடத்திலும், இரு வீட்டுக்கும் பொதுவான சுவரின் தலையிலும் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு இருக்கும். மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும்.

சுவரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கீழிருந்து இடுப்பளவு வரை ஒரே மட்டமாகச் சாயம் பொரிந்து, சுரண்டினால் வெள்ளையாக உப்புப் பூத்துக் கொட்டினால், தரையிலிருந்து ஏறும் ஈரம். மழை பெய்த மறுநாள் பெரிதாகி, வெயில் அடித்த வாரத்தில் சுருங்கும் திட்டு என்றால், அது கூரையிலிருந்தோ வெடிப்பிலிருந்தோ வரும் நீர். மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஒரே அளவில் நிற்கிறதா, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாசலில் உள்ள தண்ணீர் மீட்டரைப் போய்ப் பாருங்கள். முள் நகர்ந்துகொண்டிருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. குளிரூட்டி ஓடும் படுக்கையறையின் மறுபக்கச் சுவர் வியர்த்துக் கறுப்பது இன்னொரு வகை. அதற்குக் காற்றோட்டம்தான் வேண்டும், கொத்தனார் வேண்டியதில்லை.

இன்னும் ஐயம் இருந்தால் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழம் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டு நாடாவால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர் முத்துமுத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஐந்து காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் ஆயிரம் வெள்ளிக்குத் தாள் ஒட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கண்டிருக்கிறேன் என்ன, என் வீட்டிலேயே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குமுன் என் மகன், அம்மாவுக்கு வியப்பளிக்க வேண்டும் என்று, நான் ஈப்போவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் ஆள் வைத்து வரவேற்பறைச் சுவரில் வினைல் பூத்தாள் ஒட்டிவிட்டான். சாம்பல் நிறத்தில் வெள்ளி இழையோடிய இலைகள். திரும்பி வந்து பார்த்தபோது உண்மையிலேயே கண் நிறைந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அது வடக்குப் பக்கத்துச் சுவர், சாரல் நேராக அடிக்கும் சுவர். ஒட்டியவர் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் தாளின் இணைப்புகள் உதடு பிரிவதுபோல் பிரிந்தன. ஆறாம் மாதம் பூசண வாடை வந்தது. பேரனுக்கு இரவில் இருமல். ஒரு மூலையை இழுத்தேன். தாள் முழுதாகக் கையோடு வந்துவிட்டது, அதன் பின்னால் சுவர் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. வினைல் என்பது பிளாஸ்டிக். அது சுவரை மூச்சு விட விடாது. வெளியிலிருந்து வரும் ஈரம் தாளுக்குப் பின்னால் தங்கிவிடும், ஒட்டப் பயன்படுத்திய மாவுப் பசை பூசணத்துக்கு உணவாகிவிடும். நீரை ஓரளவு வெளியே விடும் நெய்யாத் துணித்தாள் என்று ஒரு வகை உண்டு; கேட்டு வாங்கினால் கிடைக்கும், விலை கூடுதல். ஆனால் அதுவும் காய்ந்த உட்சுவருக்குத்தான்.

இரண்டு வெள்ளிக் கடைகளில் கிடைக்கும் செங்கல் வடிவ நுரைத் தகடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் பசையோடு வருவதால் பிள்ளைகள்கூட ஒட்டிவிடுகிறார்கள். பிய்க்கும்போது சாயத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். வாடகை வீட்டில் ஒட்டி, முன்பணத்தை இழந்தவர்கள் என் கடைக்கு வருகிறவர்களிலேயே இருவர் இருக்கிறார்கள்.

சரி, சுவர் காய்ந்துதான் இருக்கிறது, தாள்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் பக்கத்தில் 'ஒரு சுருள் போதும்' என்று எழுதியிருந்தது. நம் நாட்டில் பரவலாக விற்கும் கொரியச் சுருள் 1.06 மீட்டர் அகலமும் 15.6 மீட்டர் நீளமும் கொண்டது, ஏறக்குறைய 16.5 சதுர மீட்டர். பதினான்கு அடி அகலமும் பத்து அடி உயரமும் உள்ள சுவர் 13 சதுர மீட்டர்தான். பரப்பை மட்டும் பார்த்தால் தாராளமாகப் போதும். ஆனால் பூவேலைத் தாளில் பூவுக்குப் பூ சேர வேண்டுமே! ஒவ்வொரு துண்டிலும் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டாலே ஒரு சுருளில் நான்கு துண்டுதான் முழுதாகத் தேறும். நான்கு துண்டின் அகலம் 4.24 மீட்டர், சுவரோ 4.27 மீட்டர். ஓர் அங்குலம் இடித்துக்கொண்டு நிற்கும். மிச்சமிருக்கும் துண்டு சுவரின் உயரத்துக்கு எட்டாது. அந்த ஓர் அங்குலத்துக்காக இன்னொரு சுருள் வாங்கப் போனால் அதே அச்சு எண் கடையில் இருக்காது; வேறு அச்சில் வந்த சுருள் ஒரு சாயல் மாறித் தெரியும். ஐரோப்பியச் சுருள் இன்னும் சிறியது. 53 சென்டிமீட்டர் அகலம், பத்து மீட்டர் சொச்சம் நீளம். அதில் கணக்கு வேறு. எந்தச் சுருளானாலும் பரப்பை வைத்து எண்ணாதீர்கள், துண்டை வைத்து எண்ணுங்கள்.

நான் பிறந்த லயத்தில் ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்தார்கள். நிருவாகம் கொடுக்கும் சுண்ணாம்பை நீற்றி, என் தாயார் அதில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிட்டிகை கலந்து தன் பங்குச் சுவரை அண்டை வீட்டுச் சுவரைவிட வெளுப்பாக்கிக் காட்டுவார். சுண்ணாம்பு காற்றைப் பிடித்து இறுகும், ஈரத்தை அடைக்காது. அதன் காரத்தில் பூசணம் எளிதில் ஏறாது. கையில் ஒட்டும், சேலையில் ஒட்டும், அது வேறு. மறுபடியும் சுண்ணாம்புக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் நேராக நீர்ச்சாயம் அடித்தால் அது அப்பளம்போல் உரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தூளாக வருவதையெல்லாம் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, சீலர் என்னும் அடிப்பூச்சு ஒன்று கொடுத்த பிறகுதான் சாயம். புதிதாகச் சிமெண்டு பூசிய இடத்துக்கும் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் சாயத்தின் நிறத்தைத் தின்றுவிடும். பூசணம் இருந்தால் குளோரின் வெளுப்பானை நீரில் கரைத்துத் துடைக்கலாம். அதோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பழைய கதவிலும் சன்னல் சட்டத்திலும் உள்ள எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த மணல்தாளால் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், அன்றைக்குக் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நல்லது.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். அமெரிக்காவில் நீர்ச்சாயத்தை 'லேட்டக்ஸ்' (ரப்பர்ப் பால்) சாயம் என்பார்கள். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிற வட்டாரத்துக்காரியாகிய நான், நம் பால்தான் அந்த டப்பாவுக்குள் போகிறது என்று நெடுநாள் பெருமையாக நினைத்திருந்தேன். ஒரு சொட்டும் இல்லையாம். எல்லாம் செயற்கைப் பிசின். பால் போன்ற தோற்றத்துக்காக அந்தப் பெயர்.

சாயத்தின் அளவுக்கும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய பத்து சதுர மீட்டர் வரும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி வரவேற்பறையின் நான்கு சுவரும், கதவு சன்னல் போக, நாற்பது சதுர மீட்டருக்கு மேல் போகாது. இரண்டு பூச்சுக்கு எட்டு லிட்டர். மலிவு என்று 18 லிட்டர் டப்பாவை வாங்கிப் பாதியைக் குளியலறை மூலையில் வைத்து, மறு ஆண்டு அது கட்டியாகிப் போனதும் வீசுவதில் என்ன சிக்கனம்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சுவர் வெறுமையாக இருந்தால் அறை மூளியாகத் தெரியும் என்று பயப்படுகிறவர்கள், அந்த அறையில் கண் முதலில் போகும் இடம் சன்னல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெளிச்சம் வரும் இடத்தில்தான் துணி பேசும். லங்சிர் என்று நாம் வாயாரச் சொல்லும் திரைச்சீலையைக் கழற்றலாம், துவைக்கலாம், வீடு மாறினால் கையோடு கொண்டு போகலாம். சலித்துப்போனால் வெட்டித் தலையணை உறையாக்கலாம். சுவர்த்தாளில் இதில் ஒன்றாவது முடியுமா?

ஆயத்தமாகத் தொங்கும் திரைகளைப் பேரங்காடியில் வாங்கிவந்து, 'அக்கா, கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, கீழே ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்' என்று கேட்கிறவர்கள் மாதத்துக்கு ஐந்தாறு பேர். நம் வீட்டுச் சன்னல்கள் ஒரே அளவில் இல்லை; கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய நாக்கோ சன்னல் ஓர் அளவு, பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியில் வைத்த நழுவு சன்னல் வேறு அளவு. அளந்து தைப்பதே வழி. கம்பியின் நீளம் 1.8 மீட்டர் என்றால், மடிப்பு அழகாக விழுவதற்குத் துணி அதைப்போல் இரண்டு மடங்கு, 3.6 மீட்டர் அகலம் வேண்டும். திரைச்சீலைக்கென்றே வரும் 2.8 மீட்டர் அகலத் துணியைப் படுக்கையாகத் திருப்பிப் போட்டால், அந்த அகலமே உயரமாகிவிடும். ஓரத்துக்கும் சேர்த்து நான்கு மீட்டர் வாங்கினால் போதும், நடுவில் இணைப்பும் வராது. அதே சன்னலுக்கு மீட்டர் விலை குறைவு என்று 45 அங்குலச் சட்டைத் துணியை எடுத்தால் நான்கு துண்டு இணைத்தாக வேண்டும், ஒரு துண்டு 2.7 மீட்டர் என்றால் மொத்தம் பதினொரு மீட்டர் போய்விடும். மலிவு எது என்று அப்போது கணக்குப் பாருங்கள்.

பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன்பு நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே திரை கணுக்காலை விட்டு மேலேறிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் துணியின் சாயம் நிற்கும் என்பது என் தாயாரின் நம்பிக்கை. என் கையில் அது நின்றதில்லை. மெழுகால் பூவெழுதிச் சாயமேற்றும் பாத்தேக் துணி நம் அறைகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொன்னால் அதற்குப் பேர்போன கிளந்தான், திரெங்கானு மாநில வியாபாரிகளின் ஆள் என்பீர்கள். ஆனால் மேற்கு வெயில் விழும் சன்னலில் உள்துணி வைக்காமல் அதைத் தொங்கவிட்டால் ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெட்டியில் மடித்துக் கிடக்கும் சேலைகளுக்கும் இதில் இடமுண்டு. ஐந்தரை மீட்டர்ச் சேலையை நடுவில் வெட்டினால், ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் மீட்டர் உள்ள இரண்டு திரை. ஓரம் மடித்தாலும் தரை வரை வரும், கரை தானாகவே இரு பக்கமும் அமையும். நூல் சேலையும் பாலியெஸ்டரும் இதற்கு நல்லவை. பட்டு வேண்டாம், வெயிலில் இற்றுவிடும்; தவிர, திருமணப் பட்டின் மேல் கத்தரிக்கோல் வைக்கச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டு, மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவேன்.

சுவரிலேயே பூ வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பது வேறொன்று. இரண்டுக்கு மூன்றடியில் மரச்சட்டம் செய்து, அதன்மேல் துணியை இழுத்துப் பின்னால் ஆணியடித்து, படம் மாட்டுவதுபோல் மூன்றை வரிசையாக மாட்டினால் சுவர் நிறைந்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடும். என் வீட்டு வடக்குச் சுவரில், தாளைப் பிய்த்தெறிந்து, வெடிப்பை அடைத்து, ஆறு வாரம் காயவிட்டுச் சாயம் அடித்த பிறகு, இப்போது அவைதாம் தொங்குகின்றன.

சாமி மேடைக்கு மட்டும் துணியும் வேண்டாம், தாளும் வேண்டாம். விளக்குக்குப் பின்னால் வினைல் தாளை ஒட்டி வைப்பதும், இரு பக்கமும் ஜரிகைத் திரை தொங்கவிடுவதும் இப்போது பரவி வருகிறது. காற்றில் அசைந்த திரை சுடரைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? வினைல் எரிந்தால் வரும் புகை நெஞ்சை அடைக்கும். கற்பூரக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் துடைத்தால் போகிற மினுமினுப்புச் சாயமோ சுவரில் பதிக்கும் ஓடோதான் அந்த இடத்துக்குச் சரி.

இன்னும் தோட்ட வீடுகளிலேயே குடியிருக்கிறவர்கள், கைக்காசைப் போட்டு ஓதச் சுவரை மறைப்பதற்கு முன்பு நிருவாகத்திடம் எழுத்து மூலம் முறையிடலாம். தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. தாளை ஒட்டி மறைத்துவிட்டால் முறையிடுவதற்குக் காட்டச் சுவர்கூட இருக்காது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வீட்டு அலங்காரப் பக்கத்தைத் தீபாவளி நெருக்கத்தில் வெளியிடாமல் சூன் மாதத்தில் வெளியிடுங்கள். எங்கள் பக்கத்தில் சூனும் சூலையும் மழை குறைந்த மாதங்கள். கூரையைப் பார்க்க ஒரு மாதம், சுவர் காய ஒரு மாதம், சாயத்துக்குச் சில நாள் என்று நிதானமாகச் செய்து முடித்துவிடலாம். தீபாவளி மலருக்கு லங்சிர் தைக்கும் அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படங்களையும் வெளிநாட்டு மாளிகைகளிலிருந்து எடுக்காமல், நாக்கோ சன்னலும் தாழ்ந்த சீலிங்கும் உள்ள நம் தாமான் வீடு ஒன்றிலிருந்து எடுத்தால் வாசகர்கள் தங்கள் அறையை அதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கடைக்கு வந்த அந்த மூன்று பெண்களில் ஒருவர், சுவரைத் தைப்பூசம் கழித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று திரைச்சீலைக்கு மட்டும் அளவு கொடுத்துவிட்டுப் போனார். மற்ற இருவரும் தாள் வாங்க ஈப்போவுக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள்.

இங்ஙனம்,
தையற்காரி ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்.